தொங்கல் கணக்கு: எல்லை தாண்டும் காசும் ஒத்துவராத புத்தகங்களும்

உயர்தரத்தில் கணக்கீடு படித்தவர்களுக்கு 'வங்கிக் கணக்கிணக்கக் கூற்று' என்ற சொல் மறந்திருக்காது. காசேட்டில் ஒரு மீதி இருக்கும், வங்கிக் கூற்றில் இன்னொரு மீதி இருக்கும். தேறாத காசோலை, சமர்ப்பிக்கப்படாத காசோலை, வங்கி தன்பாட்டுக்குக் கழித்த கட்டணம் என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து இரண்டையும் ஒரே எண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். பரீட்சை மீதி சமப்படாவிட்டால் வித்தியாசத்தைத் தற்காலிகமாகப் போட்டுவைக்க 'தொங்கல் கணக்கு' என்று ஒன்றும் இருந்தது. பாடப்புத்தகத்தில் அந்தக் கணக்கு எப்படியும் கடைசியில் மூடப்பட்டுவிடும்.

பாடப்புத்தகத்தில் இருந்தவை இரண்டு புத்தகங்கள்தான். இன்று ஸ்காபரோவில் இருந்து ஒரு மகள் கைபேசிச் செயலி வழியாகக் கிளிநொச்சியில் இருக்கும் அம்மாவுக்கு 300 டொலர் அனுப்பினால் எத்தனை புத்தகங்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவளுடைய வங்கி அல்லது அட்டைக் கொம்பனி ஒன்று. செயலிக் கொம்பனி இரண்டு. அந்தக் கொம்பனி எல்லாருடைய காசையும் சேர்த்து வைத்திருக்கும் வங்கி மூன்று. தெற்காசியாவுக்குக் காசு கொடுக்கும் வேலையை அவர்களிடமிருந்து குத்தகைக்கு எடுத்த இடைக் கொம்பனி நான்கு. நியூயோர்க்கிலோ லண்டனிலோ இலங்கை வங்கியொன்று வைத்திருக்கும் கணக்கு ஐந்து. இங்குள்ள வங்கி ஆறு. அம்மாவின் கணக்குப் புத்தகம் ஏழு. ஏழும் ஏழு விதமான இலக்கம் கொடுக்கும், ஏழு நேரத்துக்கு நாளை முடிக்கும். சதங்களை முழுமையாக்கும் முறையும் ஆளுக்காள் வேறு.

இவற்றை ஒத்துப்பார்க்கிற வேலை ஒவ்வொரு இரவும் நடக்கிறது. அதைச் செய்கிறவர்களை நாங்கள் காண்பதில்லை. ஒத்துவராத நாட்களில்தான் "காசு இன்னும் வரேல்ல" என்ற அழைப்பு வரும். இந்த வேலைக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்றுதான்: புத்தகங்கள் ஒத்துவராதபோது அந்த வித்தியாசத்தை யார் சுமந்தார்கள்? எங்கள் மண்ணோடு தொடர்புள்ள சில கட்டங்களை மட்டும் எடுத்து இதைப் பார்க்க முயல்கிறோம்.

விலாசமும் உண்டியலும்

காசு எல்லை தாண்டுது என்று பேச்சுக்குச் சொல்கிறோம். பெரும்பாலும் காசு நகருறதே இல்லை. இங்கே ஒரு புத்தகத்தில் ஒரு வரி கழிகிறது, அங்கே இன்னொரு புத்தகத்தில் ஒரு வரி கூடுகிறது. இரண்டு வரியும் ஒன்றையே சொல்கின்றன என்று இரண்டு பக்கமும் ஏற்றுக்கொண்டால் 'காசு போய்ச் சேர்ந்துவிட்டது'.

இதை எங்கள் கடற்பரப்பில் பெரிய அளவில் செய்தவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். 19ஆம் நூற்றாண்டில் கொழும்பு, ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், சைகோன் என்று அவர்களுடைய கிட்டங்கிகள் பரந்திருந்தன. கொழும்பில் அவர்கள் இருந்த இடம் இன்றும் செட்டியார் தெருதான், இப்போது நகைக்கடைகளுக்குப் பேர்போன தெரு. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு 'விலாசம்' இருந்தது. முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த ஒரு வரிசை அது. கடிதத்திலும் பேரேட்டிலும் உண்டியலிலும் அந்த விலாசமே நிறுவனத்தின் அடையாளம்.

உண்டியல் என்பது ஒரு கட்டளைக் கடிதம். 'இதைக் கொண்டுவருபவருக்கு இன்ன தொகை கொடுக்கவும்' என்று கொழும்பில் ஒருவர் எழுத, மதுரையில் இன்னொருவர் கொடுப்பார். கண்டவுடன் கொடுக்க வேண்டியது தர்சன உண்டியல், நாள் குறித்துக் கொடுக்க வேண்டியது தவணை உண்டியல். உண்டியல் ஒரு வழியில் போக, அதைப் பற்றிய அறிவிப்புக் கடிதம் தனியாக வேறு வழியில் போகும். இரண்டும் பொருந்தினால்தான் காசு. மூல உண்டியல் தொலைந்தால் என்ன செய்வது? வட இந்திய ஹுண்டி வழக்கில் அதற்கு 'பேட்' என்ற இரண்டாம் படி, அதுவும் தொலைந்தால் 'பர்பேட்' என்ற மூன்றாம் படி இருந்தது. மூன்றும் ஒரே கொடுப்பனவைக் குறிப்பவை, ஒன்றுக்குக் கொடுத்தால் மற்றவை செல்லாது. ஒரே கட்டளை இரண்டு முறை வந்து சேர்ந்தாலும் ஒரு தடவைதான் கொடுக்க வேண்டும் என்பது இன்றைய கொடுப்பனவு மென்பொருளின் அடிப்படை விதிகளில் ஒன்று. இந்த விதி கணினியைவிட மிகவும் பழையது.

கொழும்புக் கிட்டங்கியை நடத்தியவர் அனேகமாக முதலாளி கிடையாது. ஏறக்குறைய மூன்று வருடத் தவணைக்கு அனுப்பப்பட்ட ஏஜெண்டுதான் நடத்துவார். அவருக்குக் கீழே அடுத்தாள், அடியில் பெட்டியடிப் பையன். தவணை முடிந்ததும் பேரேடும் ஐந்தொகையும் செட்டிநாட்டு முதலாளியின் புத்தகத்தோடு சரிபார்க்கப்படும். வித்தியாசம் வந்தால் ஏஜெண்டின் பெயர் கெடும், அடுத்த வேலை கிடைக்காது. ஒரே ஊர், ஒரே கோயில், கொண்டான் கொடுத்தான் உறவு என்று இருந்த சமூகத்தில் பெயர் கெடுவது சாதாரண விசயம் கிடையாது. நிறுவனம் முறிந்தால் குடும்பச் சொத்தே போகும். ஆகவே இந்த ஏற்பாட்டுக்குள் வித்தியாசத்தைச் சுமந்தவர்கள் கணக்கை எழுதியவர்களே. புத்தகமும் அவர்களிடம், பொறுப்பும் அவர்களிடம்.

இந்த நேர்மைக்கு ஓர் எல்லை இருந்தது. அது சாதிக்குள்ளே இருப்பவர்களுக்கான நேர்மை. வெளியிலிருந்து கடன் வாங்கிய இலங்கைக் கடைக்காரருக்கும் காணிக்காரருக்கும் பேரேட்டைத் திறந்து காட்ட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பிரித்தானிய வங்கிகளும் செட்டியார்களை நம்பியே உள்ளூரில் கடன் கொடுத்தன. யாருக்குக் கொடுக்கலாம் என்று வங்கிக்கு உத்தரவாதம் சொன்னவர் 'சிறாப்பர்'. காசாளரைக் குறிக்க இந்தச் சொல் இலங்கைத் தமிழில் இன்னும் மிஞ்சி இருக்கிறது. 1920களின் நடுவில் சில நிறுவனங்கள் முறிந்தன, பிறகு 1930களின் பெருமந்தம் வந்தது. வங்கிகள் கையை இழுத்துக்கொள்ள, செட்டியார்கள் கடனைத் திரும்பக் கேட்க, அடமானம் வைத்த காணிகள் கைமாறின. 1934இல் சேர் சொராப்ஜி பொச்கானவாலாவின் தலைமையில் இலங்கை வங்கி ஆணைக்குழு நியமிக்கப்பட்டதும், 1939 ஓகஸ்டில் இலங்கை வங்கி திறக்கப்பட்டதும் இந்த நெருக்கடியின் பின்னணியில்தான்.

கழுத்தில் தொங்கிய இலக்கம்

அதே காலத்தில், அதே கடலைத் தாண்டி இன்னொரு பெரிய கொடுக்கல் வாங்கல் நடந்தது. தோட்டத் துரை கங்காணிக்கு முற்பணம் கொடுப்பார். கங்காணி அதைக் கொண்டு திருச்சி, மதுரை, சேலம் பக்கத்துக் கிராமங்களில் குடும்பங்களின் பழைய கடனை அடைத்து, வழிச்செலவு கொடுத்து ஆட்களைக் கூட்டி வருவார். அந்தத் தொகை முழுதும் வந்தவர்களின் பெயரில் கடனாக ஏறும். காசு இந்தியாவில் கொடுக்கப்பட்டது, கடன் இலங்கையில் எழுதப்பட்டது.

இதில் எத்தனை பேர் கணக்கு வைத்திருந்தார்கள்? தோட்டம், கங்காணி, கங்காணிக்குக் கடன் கொடுத்த செட்டியார், 1904இல் திருச்சிராப்பள்ளியில் தொடங்கிய இலங்கைத் தொழிலாளர் ஆணையகம், பயணச் செலவை முதலில் தானே போட்ட இலங்கை அரசாங்கம். இவ்வளவு பேரின் செலவையும் எந்தத் தோட்டத்தின் தலையில் போடுவது என்பது நடைமுறைப் பிரச்சினை. அதற்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் கண்டுபிடித்த வழி தகரத் துண்டு. தோட்டத்தின் பதிவு இலக்கம் பொறித்த ஒரு சின்னத் தகரத்தை நூலில் கோத்து ஆளின் உடம்பில் கட்டிவிடுவார்கள். தூத்துக்குடி வழியாக வந்தாலும் சரி, 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் தொடங்கியபின் மண்டபம் முகாம் வழியாக வந்தாலும் சரி, சோற்றுக்கும் ரயிலுக்கும் முகாமுக்கும் ஆன செலவு அந்த இலக்கத்தைப் பார்த்துத் தோட்டத்தின் கணக்கில் பற்று வைக்கப்படும்.

ஒரு கொடுப்பனவைப் பல நிறுவனங்களின் புத்தகங்களுக்குள் தொடர்ந்து பிடிக்க ஒரு தனி இலக்கம் வேண்டும் என்பது கணக்கியலில் சரியான தீர்வு. அன்று அந்த இலக்கத்தைக் கட்டுவதற்குக் கிடைத்தது மனித உடம்பு.

தோட்டம் மாற விரும்பினால் இன்னொரு துண்டு வேண்டும். 'இவருடைய கடன் இவ்வளவு, அதைக் கொடுத்தால் விடுவிப்போம்' என்று துரை எழுதிக் கொடுக்கும் கடதாசி அது. அதில் எழுதிய தொகை சரியா என்று தொழிலாளி எதை வைத்துச் சரிபார்ப்பார்? அரிசி, கம்பளி, முற்பணம், மருந்து என்று பற்றெல்லாம் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் எழுதியவை. சம்பளமும் நெடுங்காலம் கங்காணியின் கை வழியாகத்தான் வந்தது. ஒத்துப்பார்க்க இரண்டு புத்தகங்களாவது வேண்டும். தொழிலாளியிடம் ஒன்றுமே இருக்கவில்லை. ஆகவே எல்லாப் புத்தகங்களின் வித்தியாசமும் அவருடைய கடனாக வந்து இறங்கியது. 1921இல் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. ஆனால் 'கணக்கு அவர்களிடம், கடன் எங்களிடம்' என்ற அமைப்பு அந்த ஒரு சட்டத்தோடு போய்விடவில்லை.

1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தை இந்தக் கோணத்தில் வாசித்தால் அது ஒரு கணக்கிணக்கக் கூற்றுப் போலவே இருக்கிறது. மொத்தம் 975,000 பேர். இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000. மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டுவிட்டார்கள். பத்து வருடங்களாக அந்த ஒன்றரை லட்சம் மனிதர்கள் இரண்டு நாடுகளின் தொங்கல் கணக்கில் இருந்தார்கள். 1974இல் சிறிமாவும் இந்திராவும் அதைப் பாதி பாதியாகப் பிரித்து மூடினார்கள். நாடு திரும்புகிறவர்கள் தங்கள் ஊழியர் சேமலாப நிதியையும் மற்றச் சொத்தையும் கொண்டுபோகலாம் என்று 1964 ஒப்பந்தம் சொன்னது. ஆனால் அதற்கும் ஓர் உச்ச வரம்பு வைக்கலாம், அந்த வரம்பு ஒரு குடும்பத்துக்கு 4,000 ரூபாவுக்குக் கீழே மட்டும் போகக்கூடாது என்றும் சொன்னது. உழைத்த காசே எல்லை தாண்ட அனுமதி கேட்டு நின்றது.

மணியோடர் வந்த காலம்

யாழ்ப்பாணத்தின் கதை வேறு மாதிரி. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து மலாயாவின் ரயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலை பார்த்த யாழ்ப்பாணத்தார் வீட்டுக்குக் காசு அனுப்பினார்கள். கல்வீடும் கோயில் திருப்பணியும் சீதனமும் அதில் எழுந்தன. யாழ்ப்பாணத்தை 'மணியோடர் பொருளாதாரம்' என்று பின்னர் பேசியதற்கு இதுதான் அடி.

நாடுகளுக்கிடையிலான மணியோடருக்குப் பொது விதிகள் 1878இல் பாரிஸில் கூடிய அஞ்சல் மாநாட்டில் எழுதப்பட்டன. இங்கே செட்டியாரின் கோயிலும் உறவும் செய்த வேலையை அரசாங்கம் செய்தது. ஒரு நாட்டின் அஞ்சல் நிர்வாகம் இன்னொரு நாட்டுக்குப் பட்டியல் அனுப்பும், அவர்கள் கொடுத்ததை எழுதித் திருப்புவார்கள், காலத்துக்குக் காலம் இரு நிர்வாகங்களும் கணக்குத் தீர்த்துக்கொள்ளும். எங்களைப் பொறுத்தவரை இதில் முக்கியமானது, அனுப்பியவர் கையில் ஒரு பற்றுச்சீட்டு இருந்தது. காசு கிடைக்காவிட்டால் அதைக் காட்டி விசாரிக்கலாம். சாதாரண ஆளிடம் ஒரு வரியளவு புத்தகம் வந்து சேர்ந்த கட்டம் இது. ஆனால் பற்றுச்சீட்டின் பெறுமதி, இரண்டு பக்கமும் அரசாங்கம் இருக்கும்வரைதான். 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தபின் போர் முடியும்வரை அந்த வழி அடைபட்டது.

எங்கடை, உங்கடை

வங்கிகள் இதே வேலையை எப்படிச் செய்தன? அவர்கள் இன்றும் பாவிக்கும் இரண்டு சொற்கள் பழைய இத்தாலிய வியாபாரிகளுடையவை. 'நொஸ்ட்ரோ' என்றால் எங்களுடையது, 'வொஸ்ட்ரோ' என்றால் உங்களுடையது. எங்கள் வங்கி நியூயோர்க் வங்கியொன்றில் டொலர்க் கணக்கு வைத்தால் எங்களுக்கு அது நொஸ்ட்ரோ, அவர்களுக்கு வொஸ்ட்ரோ. யாழ்ப்பாணப் பேச்சில் சொன்னால் எங்கடை கணக்கு, உங்கடை கணக்கு. ஒரே கணக்குத்தான், இரண்டு புத்தகம். 1494இல் வெனிஸில் அச்சான லூக்கா பாச்சோலியின் நூல், ஒருவர் வாசிக்க மற்றவர் ஒவ்வொரு பதிவிலும் புள்ளி குத்திப் புத்தகங்களைச் சரிபார்க்கும் முறையை விளக்குகிறது. ஐந்நூறு வருடங்களாக வங்கிக் குமாஸ்தாக்கள் செய்ததும் ஏறக்குறைய அதுதான்.

1973இல் 15 நாடுகளின் 239 வங்கிகள் பெல்ஜியத்தில் ஸ்விஃப்ட் என்ற கூட்டமைப்பை உருவாக்கின. 1977இல் அது இயங்கத் தொடங்கியது. பலரும் நினைப்பதுபோல் ஸ்விஃப்ட் காசு அனுப்புவதில்லை. அது செய்தி அனுப்புகிறது. செய்தி போனபின் ஒவ்வொரு வங்கியும் தன் நொஸ்ட்ரோக் கணக்கில் கூட்டல் கழித்தல் செய்யும், நாள் முடிவில் கணக்குக் கூற்று வரும், அதை வைத்து ஒத்துப்பார்க்கும். பழைய அறிவிப்புக் கடிதத்தின் அதே வேலை, வேகம் மட்டும் வேறு.

வேகம் வந்தாலும் நேர வித்தியாசம் போகவில்லை. 1974 ஜூன் 26இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் ஹேர்ஸ்ராட் என்ற வங்கி மூடப்பட்டபோது அங்கே பின்னேரம், நியூயோர்க்கில் காலை. அவர்களுக்கு மார்க் கொடுத்து முடித்த வங்கிகள் டொலருக்காகக் காத்திருந்தன. டொலர் வரவில்லை. ஒரு புத்தகத்தில் வரி கழிந்து மற்றப் புத்தகத்தில் வரி ஏறாமல் நின்றுபோன சம்பவம் அது. இரண்டு நாணயங்களையும் ஒரே நேரத்தில் கைமாற்றும் சீ.எல்.எஸ். என்ற ஏற்பாடு 2002இல்தான் வந்தது. அதில் 18 நாணயங்கள் இருக்கின்றன. இலங்கை ரூபா அதில் ஒன்று இல்லை.

எங்கள் பெயர்களும் இங்கே ஒரு பிரச்சினையானது. ஸ்விஃப்டின் பழைய செய்தி வடிவத்தில் பெயருக்கும் முகவரிக்கும் வரிக்கு 35 எழுத்து. தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால், வங்கியில் முதலெழுத்து மட்டும், கடவுச்சீட்டில் முழுப்பெயர், ஆங்கிலத்தில் ஒரே பெயரை மூன்று விதமாக எழுதும் பழக்கம். 'குடும்பப் பெயர்' என்ற ஒன்றை எதிர்பார்க்கும் ஒரு கட்டத்துக்குள் இந்தப் பெயர்களைத் திணித்தால் ஒரு புத்தகத்தில் இருப்பவர் மற்றப் புத்தகத்தில் இருப்பவரோடு பொருந்தமாட்டார். பொருந்தாத கொடுப்பனவு நிறுத்தி வைக்கப்படும், விசாரிக்கப்படும், சிலவேளை கட்டணத்தைக் கழித்துக்கொண்டு திருப்பி அனுப்பப்படும்.

ரெலிபோனில் முடிந்த கணக்கு

1983க்குப் பிறகு யாழ்ப்பாணத்தார் லண்டன், பாரிஸ், சூரிச், டொரொன்டோ என்று சிதறினார்கள். வடக்கில் பாதை பூட்டு, பொருளாதாரத் தடை, இடப்பெயர்வு. வங்கி நம்பி இருக்கக்கூடிய ஒன்றாக இருக்கவில்லை. அப்போது பழைய சொல் புது உடம்போடு திரும்பி வந்தது: உண்டியல். டொரொன்டோவில் ஒரு கடையில் டொலரைக் கொடுத்தால், ஓரிரு நாளில் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ வீட்டுக்கே ரூபா வரும். இந்த வலையமைப்பைப் பற்றிக் கவிஞரும் சமூகவியலாளருமான சேரன், ஷரின் ஐக்கனுடன் சேர்ந்து கனடாவின் சட்ட ஆணைக்குழுவுக்காக ஓர் ஆய்வே செய்திருக்கிறார்.

டொரொன்டோக்காரரிடம் டொலர் சேருது, கொழும்புக்காரரிடம் ரூபா குறையுது. இதை எப்படிச் சமப்படுத்துவது? கொழும்பில் சாமான் இறக்கும் வியாபாரிக்கு வெளியில் டொலர் தேவை. அவர் இங்கே உண்டியல்காரருக்கு ரூபா கொடுப்பார், அங்கே அவருடைய விற்பனையாளருக்கு டொலர் கொடுக்கப்படும். சிலவேளை தங்கம், சிலவேளை கூட்டியோ குறைத்தோ எழுதிய விலைப்பட்டியல். அனுப்பியவருக்கு இதொன்றும் தெரியத் தேவையில்லை. அவருக்குத் தேவை ஒரு அழைப்பு. "ஓம், காசு கிடைச்சிட்டுது" என்று அம்மா சொன்னால் அந்தக் கொடுப்பனவு மூடப்பட்டது. கணக்கை ஒத்துப்பார்க்கும் வேலையில் பெறுபவரின் சொல்லே கடைசிச் சாட்சியாக இருந்த ஏற்பாடு இது. மற்ற எந்த முறையிலும் அம்மாவுக்கு அந்த இடம் இருந்ததில்லை.

இதை அழகுபடுத்திப் பேசவும் நாங்கள் விரும்பவில்லை. புத்தகம் வேண்டாம் என்று நினைத்தவர்களுக்கும் இதே வழி உதவியது. வரி ஏய்ப்பு, போதைப்பொருள் காசு, ஆயுதத்துக்கான காசு எல்லாம் இதற்குள்ளால் போகக்கூடியவை. உண்டியல்காரர் ஓடிவிட்டால் போய்ச் சொல்ல இடமில்லை. 2001 நவம்பரில் அமெரிக்கா சோமாலியர்களின் அல் பரக்காத் என்ற காசு அனுப்பும் நிறுவனத்தை மூடிய பிறகு உலகம் முழுக்க இப்படியான வழிகள் எல்லாம் பயங்கரவாதச் சந்தேகத்தின் கீழ் வந்தன. இலங்கையின் நிதி கொடுக்கல்வாங்கல் அறிக்கையிடல் சட்டம் 2006இல் வந்தது. அல் பரக்காத்தின் வாடிக்கையாளர்களில் மிகப் பெரும்பாலானோர் வீட்டுச் செலவுக்குக் காசு அனுப்பிய சாதாரண சோமாலியர்கள். முடக்கப்பட்ட வரிகளில் அவர்களுடைய காசும் இருந்தது.

2021: நாட்டின் தொங்கல் கணக்கு

ஒரு நாட்டுக்கும் கணக்கிணக்கக் கூற்று உண்டு. அதன் பெயர் சென்மதி நிலுவை. அதில் 'வழுக்களும் விடுபடல்களும்' என்று ஒரு வரி இருக்கும். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தபின் ஒத்துவராமல் மிஞ்சுவதை அங்கே போடுவார்கள். நாடு வைத்திருக்கும் தொங்கல் கணக்கு என்று சொல்லலாம்.

2021இல் மத்திய வங்கி டொலரை 200 ரூபாவுக்குச் சற்று மேலே பிடித்து வைத்திருந்தது. உண்டியலில் அதைவிடக் கணிசமாகக் கூடக் கிடைத்தது. டிசம்பரில் வங்கி வழியாக அனுப்பினால் டொலருக்கு 10 ரூபா மேலதிகம் என்று சொல்லிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. வங்கி வழியாக வந்த தொழிலாளர் பணம் 2020இல் 7.1 பில்லியன் டொலர், 2021இல் 5.49 பில்லியன், 2022இல் 3.79 பில்லியன். வேலைக்குப் போனவர்கள் வீட்டுக்கு அனுப்புவதைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள் என்று யாரும் நம்பமாட்டார்கள். காசின் பெரிய பகுதி வேறு புத்தகத்துக்குப் போனது. ரூபா வீட்டுக்கு வந்தது, டொலர் வெளிநாட்டிலேயே நின்றது, அங்கேயே இறக்குமதிக்காரரின் கடனையும் ஓடிப்போகும் மூலதனத்தையும் தீர்த்தது. 2022 மார்ச்சில் ரூபா அவிழ்த்து விடப்பட்டது, ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது.

உண்டியலில் அனுப்பியவர்களைத் துரோகிகள் போலப் பேசியவர்கள் இருந்தார்கள். குவைத்தில் வீட்டுவேலை செய்யும் ஒரு பெண்ணின் பக்கத்திலிருந்து பாருங்கள். அரசாங்கத்தின் புத்தகத்தில் அவளுடைய டொலரின் விலை ஒன்று, சந்தையில் வேறொன்று. அந்த வித்தியாசத்தை நாட்டுக்காக நீயே சுமந்துகொள் என்பதுதான் அவளிடம் வைக்கப்பட்ட கோரிக்கை. அவள் மறுத்தாள். அதன் விளைவாக மருந்தும் எரிவாயுவும் இல்லாமல் வரிசையில் நின்றவர்களில் அவளுடைய வீட்டாரும் இருந்தார்கள் என்பதும் உண்மை. பொய்யான ஒரு விலையைப் புத்தகத்தில் எழுதிவைத்ததன் சுமையை அப்படி எழுதியவர்கள் சுமக்கவில்லை. விலை உண்மைக்குக் கிட்ட வந்ததும் காசும் திரும்பி வந்தது: 2023இல் 5.97 பில்லியன், 2024இல் 6.57 பில்லியனுக்குமேல்.

ஏழு புத்தகங்களும் ஓர் இலக்கமும்

இப்போது செயலிகளின் காலம். ஒரே கொம்பனி பல இடைக் கொம்பனிகளோடு வேலை செய்கிறது, ஒன்று படுத்தால் மற்றது வழியாகப் போகும். டொரொன்டோவில் வெள்ளி பின்னேரம் அனுப்பினால் இங்கே அது சனி விடிய. திங்கள் போயா என்றால் செவ்வாய்தான். அதற்கிடையில் அந்தக் காசு ஒரு புத்தகத்தில் 'கொடுத்தாயிற்று', இன்னொன்றில் 'நிலுவை', மூன்றாவதில் இல்லவே இல்லை. இந்த இடைவெளியை மூடக் கொம்பனிகள் எல்லா நாட்டிலும் முன்கூட்டியே காசைப் போட்டு வைக்கின்றன. அந்த முடங்கிய காசின் செலவும் ஒத்துப்பார்க்கும் வேலையின் செலவும் எங்களுடைய கட்டணத்தில் சேர்கின்றன. 200 டொலர் அனுப்ப ஆகும் உலகச் சராசரிச் செலவு இன்னும் 6 சதவீதத்தைச் சுற்றியே நிற்கிறது. 2030க்குள் அதை 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவது நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் ஒன்று.

ஸ்விஃப்ட் 2018இலிருந்து ஒவ்வொரு கொடுப்பனவுக் கட்டளைக்கும் 36 எழுத்துருக்கள் கொண்ட ஒரு தனி இலக்கத்தைக் கட்டாயமாக்கியது. எந்த வங்கியைத் தாண்டினாலும் அந்த இலக்கம் மாறாது. நல்ல விசயம். ஆனால் ஸ்விஃப்டுக்கு வெளியே உள்ள செயலிக்கும் இடைக் கொம்பனிக்கும் இன்னமும் தத்தமது இலக்கங்கள்தான்.

இலக்கம் சரியாக இருந்தாலும் மற்றப் புத்தகத்தை யாராவது நேரே போய்ப் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் வயர்கார்ட் என்ற கொடுப்பனவுக் கொம்பனி, பிலிப்பைன்ஸ் வங்கிக் கணக்குகளில் 1.9 பில்லியன் யூரோ இருப்பதாகத் தன் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தது. 2020 ஜூனில் அந்த வங்கிகள் அப்படி ஒரு காசும் தங்களிடம் இல்லை என்றன. 2024இல் அமெரிக்காவில் சினப்ஸ் என்ற இடைக் கொம்பனி முறிந்தது. அது எல்லை தாண்டிய கதை கிடையாது, ஆனாலும் பாடம் ஒன்றுதான். செயலிகளுக்கும் வங்கிகளுக்கும் நடுவில் யாருடைய காசு எவ்வளவு என்ற புத்தகத்தை வைத்திருந்தது அந்தக் கொம்பனி. அது வங்கிகளின் புத்தகத்தோடு ஒத்துவரவில்லை. 65 முதல் 96 மில்லியன் டொலர் வரை இடிக்கிறது என்று நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளர் மதிப்பிட்டார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் காசை எடுக்க முடியாமல் நின்றார்கள். அவர்களிடம் இருந்தது கைபேசித் திரையில் தெரிந்த ஓர் எண் மட்டும்.

நாங்கள் கேட்க வேண்டியவை பெரிய தத்துவம் எதுவும் இல்லை. அனுப்பும் நேரத்திலேயே மாற்று வீதமும் கட்டணமும் கையில் வரப்போகும் ரூபாவும் தனித்தனியே எழுத்தில் தரப்பட வேண்டும். எல்லாப் புத்தகங்களுக்கும் பொதுவான இலக்கம் அனுப்புகிறவருக்கும் பெறுகிறவருக்கும் தமிழிலும் சிங்களத்திலும் விளங்கும் வடிவில் கிடைக்க வேண்டும். தொங்கிப்போன காசுக்கு ஒரு நாள் வரம்பு வேண்டும், அது தாண்டினால் சுமை கொம்பனியின் மேல் விழ வேண்டும். இவற்றில் சில சில நாடுகளில் சட்டமாகவே இருக்கின்றன, இங்கே கேட்பது அதிசயம் இல்லை. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான பயிற்சியில் சமையலும் துப்புரவும் சொல்லிக்கொடுக்கிற நேரத்தில், காசு அனுப்பிய துண்டுகளை ஒரு கொப்பியில் ஒட்டி வைக்கவும் சொல்லிக்கொடுக்கலாம். சம்பளம் தரவில்லை, குறைத்துத் தந்தார்கள் என்று வழக்கு வரும்போது, பலரிடம் எழுத்தில் இருக்கக்கூடிய ஒரே சான்று அந்தக் கொப்பிதான். அது அவர்களுடைய சொந்தப் புத்தகம், வேறு யாரும் எழுதித் தந்தது கிடையாது.